கொடி ரோஜாவுக்கு சம்மர் கட்

முடியைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்னிடம் எதையும் கேட்கலாம். செடியைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். முடி மானமுள்ள வஸ்து. வெட்டினால் வெட்டின இடத்தில் நிற்கும், மழையில் அழுகாது, வெயிலில் வாடாது, ஒரு வேளை தண்ணீர் காட்டவில்லை என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டாது. பிழைப்பு முழுக்க சலூனில் கழித்த மனுஷனை ஒரே கோடையில் தோட்டக்காரன் ஆக்கி, வந்த வாடிக்கையாளர் முன்னாலெல்லாம் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவள் என் மனைவி. அவளை எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை. அவள் போலீஸ்.

டிராஃபிக் போலீஸ். ஊரிலேயே பெரிய நாற்சந்தியில் நடுவே நின்று கையை நீட்டினால் லாரி நிற்கும், பஸ் நிற்கும், அவசரமாகப் போகிற கல்யாண மாப்பிள்ளையும் நிற்பான். அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் அவளுக்கு 'விசிலம்மா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாது என்பது என் நினைப்பு.

எங்கள் வீட்டில் கீழே, தெருவைப் பார்த்த மாதிரி, என் சலூன். அதற்குப் பின்கதவைத் திறந்தால் தோட்டம். குடியிருப்பு மாடியில். மாடிக்கு ஏறும் படிக்கட்டு தோட்டத்துப் பக்கம், வெட்டவெளியில், சிமெண்டுப் படி. கோடை தொடங்கின புதிதில் ஒரு மத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொள்ள, காயப்போட்ட சீருடையை எடுக்க ஓடினவள் அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது.

கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடந்தால்தான் கால் காலாக இருக்கும், உட்கார்ந்தே இருந்தால் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய மேலதிகாரியும் போனில் பேசினார். கோடை முடிவதற்குள் நடந்து வந்து சேர்ந்தால் பழையபடி நாற்சந்தி. இல்லாவிட்டால் அலுவலகத்தில் மேஜை வேலை, அது நிரந்தரம். அவள் போனை வைத்தாள். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து யாருக்கு விசில் ஊதறது?" என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவு தெரிந்தவள் நடக்க வேண்டாமா? நடந்தாள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை, ஜன்னலிலிருந்து சமையலறைவரை. படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்துவிடுவாள்.

கால் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருவாள். பிசியோ பொண்ணு என்போம். சின்ன உருவம், பெரிய குரல். "நின்னுக்கிட்டு இறங்கப் பயமா இருந்தா உக்காந்தே இறங்குங்க மேடம். பின்னாடி கையை ஊனுங்க, நல்ல காலைக் கீழ வையுங்க, அப்படியே ஒவ்வொரு படியா நகருங்க. அவ்ளோதான்."

"பயம்னு யாரு சொன்னா?" என்றாள் என் மனைவி. "யூனிஃபார்ம் போடற பொம்பள படியில உக்காந்து தேச்சுக்கிட்டு இறங்கணுமா? அதுக்கு நான் மேலேயே இருந்துக்கறேன்."

ஆக, தோட்டம் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் மாடி ஜன்னலிலிருந்து கத்திக் கத்திச் சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் விசிலை எடுத்துவிட்டாள். ஒரு தடவை ஊதினால் வெயில் ஏறுகிறது, செடிகளுக்கு மேலே பச்சை வலையை இழுத்துவிடு. இரண்டு தடவை ஊதினால் மேகம் வந்துவிட்டது, வலையை விலக்கு. நீளமாக ஊதினால் செய்துகொண்டிருப்பது தப்பு, அப்படியே நில். இது போதாதென்று கை சமிக்ஞை வேறு. இடது கையை நீட்டினால் வெள்ளரிக்குத் தண்ணீர். உள்ளங்கையைக் காட்டினால் போதும், நிறுத்து. நாற்சந்தியில் நூறு வண்டிக்குக் காட்டினதை அவள் என் ஒருவனுக்குக் காட்டினாள்.

அந்த வருடத்துக் கோடையும் ஒரு கோடையா? காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். டீ குடித்துவிட்டு வந்தால் வானம் மூடிக்கொண்டு நிற்கும். சரி, மழை வரும், தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நிம்மதியாகக் கத்தரியைக் கையில் எடுத்தால் பளீரென்று அடிக்கும். ஒருநாள் தபால்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்தது. விசில். ஓடிப்போய் வலையை இழுத்துவிட்டு வந்து வலது பக்கத்தைத் தொட்டேன். இரண்டு விசில். ஓடினேன். திரும்பி வந்து சீப்பை எடுக்கிறேன், நீள விசில். தபால்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். ஒரு பக்கம் காது தெரிந்தது, மறுபக்கம் காது இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"இப்படியே போய் தபாலைக் குடுத்துட்டு வந்துடவா?" என்றார்.

"உக்காருங்க சார். வெள்ளரிக்கு ஏதோ ஆபத்துபோல."

"உங்க வீட்டம்மா கால் எப்ப சரியாகும்?"

"சரியாயிடுச்சு சார். அதுதான் பிரச்சினையே."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சுற்றியிருந்த துணியோடு எழுந்து என்கூடவே தோட்டத்துக்கு வந்து, ஹோஸ் பைப்பின் முறுக்கை எடுத்துவிட்டார். நல்ல மனுஷன். அவருக்கு அன்று கிருதாவை ஏற்றத்தாழ்வாக விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்ச நாளில் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. செடியின் அடியில் காய்ந்த புல்லைப் பரப்பினால் ஈரம் போகாது. மழைக்குப் பிறகு மண்ணைக் கிளறிவிட வேண்டும். தண்ணீரை இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்ற வேண்டும். தக்காளிக்குத் தண்டுக்கும் கிளைக்கும் நடுவில், கக்கத்தில், ஒரு வேண்டாத துளிர் வரும், அதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளுவதாவது. நான் சலூன் கத்தரியை எடுத்துப் போய், சீப்பால் இலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கக்கமாகச் சுத்தம் செய்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலில் அவள்.

"தக்காளியை நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ பேருக்கு அழகாக முடி வெட்டியிருக்கிறேன். ஒருநாளும் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலைக்கேறிவிட்டது. அத்தனை கூத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

அந்த வாரம் பிசியோ பொண்ணு வந்தபோது நான் பொறுமை இழந்து கேட்டுவிட்டேன். "எப்பத்தான் கீழ வரப்போற? ஒரு தேதி சொல்லு. நானும் மனசைத் தேத்திக்கறேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். "அந்தக் கொடி ரோஜா இருக்கில்ல, அது பூக்கட்டும். பூத்த அன்னிக்கு இறங்கி வந்து பாக்கறேன். போதுமா?"

"வார்த்தை மாறக் கூடாது மேடம்," என்றாள் பிசியோ பொண்ணு.

"போலீஸ் வார்த்தை."

அந்தக் கொடி ரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்சந்தி ஓரத்தில் ஒரு வீட்டு மதிலில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, குச்சி கேட்டு வாங்கி வந்து நட்டாள். சுவரோரம், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே. ஜன்னலுக்கு அடியில் சிமெண்டு சன்ஷேட் நீட்டிக்கொண்டிருப்பதால் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாலும் அது மட்டும் தெரியாது. நட்டு மூன்று வருடம். இலை விட்டது, முள் விட்டது, பக்கத்தில் போகிறவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தது. பூ மட்டும் இல்லை. தினமும் அவள் "மொட்டு விட்டுச்சா?" என்று கேட்பாள். நானும் தண்ணீர் ஊற்றுகிற அவசரத்தில் பார்க்காமலே "இல்ல" என்பேன்.

தக்காளிக்குப் பாராட்டு வாங்கினதிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லை, அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் நின்று அந்த ரோஜாவைப் பார்த்தேன். ஒரு கிளை இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று நேராக வானத்தைப் பார்த்து. பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் தலை இப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு தலை எதிரே நின்றால் என்னால் தாங்க முடியாது. என் தொழில் அப்படி.

ஸ்டூல் போட்டு ஏறினேன். பக்கவாட்டில் ஒட்ட எடுத்தேன். மேலே ஒரே மட்டமாக நிறுத்தினேன். முன்பக்கம் சீப்பு வைத்துப் பார்த்துப் பார்த்து உருட்டினேன். இறங்கி, நாலடி பின்னால் போய்ப் பார்த்தேன். நாமே நம்மை மெச்சிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல நின்றது அந்தச் செடி.

வெட்டினால் பெருக்க வேண்டும், அது கைப்பழக்கம். துடைப்பமும் முறமும் எடுத்து வந்து கூட்டி அள்ளினேன். அள்ளினதில் ஏதோ பச்சைப் பச்சையாக உருண்டது. குனிந்து பார்த்தேன். கிளை நுனியில் மொட்டு. இன்னொரு நுனியிலும் மொட்டு. முறம் நிறைய மொட்டு. சிலதில் சிவப்பு எட்டிப் பார்க்கவும் தொடங்கியிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மொட்டாவது தப்பியிருக்குமா என்று முள்ளுக்குள் தலையை விட்டுத் தேடினேன். தப்பவில்லை. நான் வேலை செய்தால் சுத்தமாகத்தான் செய்வேன். மூன்று வருடம் அவள் காத்திருந்தது அத்தனையும் என் முறத்தில் கிடந்தது. இது பூத்தால்தான் அவள் படியிறங்குவாள். படியிறங்கினால்தான் நாற்சந்தி. நான் வெட்டினது ரோஜாவை இல்லை, அவள் உத்தியோகத்தை.

உடனே மேலே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பேன். ஆனால் படியில் கால் வைக்கும்போது ஒரு குறுக்குப் புத்தி வந்தது. அவள் கீழே வர வேண்டும், அவ்வளவுதானே? வந்த பிறகு உண்மை தெரிந்து திட்டட்டும். கீழே நின்று திட்டினால் எனக்கு லாபம்தானே?

கடைக்குள் போய், பெண்களுக்கு முடியைப் பிரித்துக் கட்டுகிற மஞ்சள் கிளிப் இரண்டு எடுத்து வந்தேன். நல்ல மொட்டாகப் பார்த்து, சிவப்பு தெரிகிற கிளையொன்றைப் பொறுக்கி, செடியோடு சேர்த்துக் கிளிப்பால் மாட்டினேன். போட்டோ எடுத்தேன். 'மொட்டு விட்டாச்சு' என்று எழுதி அனுப்பினேன். விசில் பறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. வெயில் ஏறியது, விசில் இல்லை. மேகம் வந்தது, விசில் இல்லை. வலையை நானாகவே இழுத்து நானாகவே விலக்கினேன். சாயங்காலம் மேலே போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"போட்டோ பாத்தியா?"

"பாத்தேன். கால் வலிக்குது. லைட்டை அணைங்க."

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதற்கு என்னைத்தான் காட்ட வேண்டும்.

மறுநாள் பிசியோ பொண்ணு வந்தாள். நான் வாய் நிறையப் பல்லாகப் போட்டோவைக் காட்டினேன். அவள் கைதட்டினாள். "அப்ப நாளைக்கோ நாளன்னைக்கோ இறங்கிடலாம் மேடம்."

"கால் வீங்கியிருக்கு," என்றாள் என் மனைவி.

பிசியோ பொண்ணு தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வீக்கமே இல்லியே மேடம்."

"உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு."

அதற்குமேல் அந்தப் பெண் என்ன செய்வாள்? பயிற்சியை முடித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கதவு சாத்தினதும் என் மனைவி போனை எடுத்தாள். போட்டோவை விரலால் பெரிதாக்கினாள்.

"என்னங்க, மொட்டுக்குப் பக்கத்துல மஞ்சளா ஏதோ தெரியுதே?"

"அதுவா? வண்ணத்துப்பூச்சி."

"ரெண்டு இருக்கு."

"ஜோடி."

"வண்ணத்துப்பூச்சிக்கு ஸ்பிரிங் எதுக்குங்க?"

ஹெல்மெட்டை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை எத்தனை வருடமாகப் பார்த்தவள். நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்டூல், கத்தரி, மட்டம், முறம், எதையும் விடவில்லை. "ஒரு மொட்டுகூட மிஞ்சலம்மா. இந்த வருஷம் பூக்காது. என்னை என்ன வேணா பண்ணு" என்று சொல்லித் தலையைக் குனிந்து நின்றேன்.

இடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் போயிருந்தது. "சரி விடுங்க. தெரியாமத்தானே பண்ணீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள்.

இருபது வருடமாகச் சோற்றில் ஒரு கல் இருந்தால் விடாதவள் இதை விடுகிறாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

"அது பூக்காதுன்னு நெனச்சுத்தான் போலீஸ் வார்த்தை குடுத்தியா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து போட்டோ பாத்துட்டுக் கால் வலிச்சது இதுக்குத்தானா? நான் மொட்டை வெட்டிட்டேனேன்னு ராத்திரி தூங்கல. நீ மொட்டு விட்டுடுச்சேன்னு தூங்கல. நல்ல குடும்பம்."

"பயமா இருக்குங்க," என்றாள்.

தனக்குப் பயம் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நடுரோட்டுல நின்னுடுவேன். லாரி வந்தா கையைக் காட்டுவேன், நிக்கும். அந்தப் படி நிக்குமா? கதவுகிட்ட போனாலே மறுபடி விழற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? விசிலம்மாவுக்குப் படியப் பாத்தா பயம்னு ஊரே சிரிக்கும்."

விசிலம்மா என்கிற பேர் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் சட்டென்று இறங்காது. "பயம்னா பயம்னு சொல்லு. ஒண்ணும் தெரியாத ரோஜா மேல ஏன் பழி போடற?" என்றேன். அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது. "வலை," என்றாள் அவள். "தெரியும்," என்று சொல்லி, படபடவென்று இறங்கி வந்துவிட்டேன்.

அதுவரை நான் பார்த்ததெல்லாம் மழையே இல்லை. முதலில் காற்று வந்தது. அவரைக்குப் போட்டிருந்த பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது. வலையை விலக்கலாம் என்று கயிற்றை ஒருபக்கம் அவிழ்த்தேன். அது தப்பு. அவிழ்த்த பக்கம் காற்று புகுந்து, வலை உப்பி எழும்பி, பந்தல் கம்பத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. இப்போது காற்று வலையை இழுக்க, வலை கம்பத்தை இழுக்க, கம்பம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன்.

பிடித்தேனே தவிர, அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையை எடுத்தால் பந்தல் தக்காளி மேல் விழும். எடுக்காவிட்டால் கயிற்றைக் கட்ட முடியாது. மழை கல்லெறிகிற மாதிரி முதுகில் விழுந்தது. சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. மேலேயிருந்து விசில் கேட்டது. நீளமாக, திரும்பத் திரும்ப. எதைத் தப்பு என்கிறாள்? எல்லாமே தப்புதான். "எனக்கே தெரியும்மா" என்று கத்தினேன். காற்றில் அது எனக்கே கேட்கவில்லை.

பிறகு விசில் நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டாள் என்று நினைத்தேன். நான் பேசின பேச்சுக்குச் சாத்த வேண்டியதுதான். கன்னத்தைக் கம்பத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். காய்க்கப்போகிற தக்காளியை நினைத்தேன், அவளை நினைத்தேன். ஈரத்தில் கை வழுக்க ஆரம்பித்துவிட்டது. இனி விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது விசில் கேட்டது. ஒரே ஒரு தடவை.

அது மேலேயிருந்து வரவில்லை.

கம்பத்தை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினேன். படிக்கட்டின் கடைசிப் படியில், டிராஃபிக் போலீசின் பளபளக்கும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்னால் கை ஊன்றி, நல்ல காலை நீட்டி, பிசியோ பொண்ணு சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. மேலேயிருந்து கீழேவரை நனைந்த படியைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். பல்லுக்கு நடுவில் விசில்.

கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு ஈரத் தரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, அவிழ்ந்து பறந்துகொண்டிருந்த கயிற்றைப் பிடித்தாள்.

"எந்த மடையனாவது காத்தடிக்கும்போது காத்து வர்ற பக்கத்துல அவிழ்ப்பானா?" என்றாள்.

"மேலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். நீங்கதான் அந்தக் கம்பத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே. இறுக்கிப் புடிங்க, இழுக்கப் போறேன்."

அவள் இழுத்தாள், நான் பிடித்தேன். கயிற்றை வேலி முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பந்தல் ஒருதரம் ஆடிவிட்டு நின்றது. வலை படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில், யாரோ குழாயை மூடின மாதிரி, மழையும் நின்றுவிட்டது. அந்தக் கோடையின் லட்சணமே அதுதானே.

இரண்டு பேரும் கடைசிப் படியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. திரும்பி மேலே பார்த்தாள். ஈரம் சொட்டச் சொட்டப் படிகள் நின்றன. அவள் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வலித்தது, சொல்லவில்லை.

"எப்படி இறங்கின?"

"கண்ணை மூடிக்கிட்டு," என்றாள். "நீங்க விழுந்துட்டா உங்களை யாரு தூக்கறது? அதான்."

பிறகு சுவரோரம் திரும்பினாள். என் கைவண்ணம் அங்கே நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்ட எடுத்து, மேலே மட்டமாக, மழையில் குளித்துத் துடைத்த மாதிரி. ஒரு கிளையில் மஞ்சள் கிளிப் இரண்டும் அப்படியே இருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு என்னங்க பேரு?"

"சம்மர் கட்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழைக்கோட்டு சலசலக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் பூக்குமா?" என்று கேட்டேன்.

"பூக்கும். உங்க கத்தரி கிட்ட வராம இருந்தா. இனிமே காலையில டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் நானே வந்து பாத்துக்கறேன். உங்களை நம்பி விட முடியாது."

டூட்டிக்குப் போவதற்கு முன்னாடி. தினமும். சொன்னதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் கவனித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைதான் நின்று தொலைத்துவிட்டதே, மறைக்க வழியில்லை.

"என்னங்க கண்ணுல?"

"வண்ணத்துப்பூச்சி," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேகம் விலகி, தக்காளிமேல் வெயில் சுள்ளென்று விழுந்தது. விசிலை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் ஒருதரம் ஊதினாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வாயால் சொன்னால் என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எழுந்து போய் வலையை இழுத்துவிட்டேன்.